காற்று வரும் பக்கம்

பட்டினி கிடந்து வழக்கு முடிக்க நினைக்கிறவள் நாள் பார்த்து உட்கார வேண்டாமா? லசார் நாள் பார்க்கவில்லை. தவக்காலத்தின் கடைசி வாரம், திங்கட்கிழமை காலையில், ப்ரோக்கான் சாமியாரின் மடத்துப் படல் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருக்கிற மனிதரே ஒரு மாதத்துக்கும் மேலாக வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார் என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை. எட்டுகிற நிலையில் அந்தப் புத்தியும் இல்லை. பையனை மண்ணில் போட்டு ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

வாசலில் பட்டினி உட்காருவது அந்த நாட்டில் பழைய வழக்கம். பெரிய மனிதன் ஒருவன் கொடுத்த வார்த்தையை விழுங்கிவிட்டான் என்றால், சின்ன மனிதன் அவன் வாசலில் போய்ச் சாப்பிடாமல் உட்காரலாம். வெளியே இருப்பவன் சாப்பிடாதவரை உள்ளே இருப்பவனும் வாயில் எதையும் போடக்கூடாது. ஒன்று நியாயம் சொல்ல வேண்டும், அல்லது ஈடாக ஏதாவது கொடுத்து எழுப்பிவிட வேண்டும். இரண்டும் செய்யாமல் ஒரு கவளம் தின்றானோ, அன்றோடு அவன் மரியாதை முடிந்தது. அவன் சாட்சியை யாரும் கேட்க மாட்டார்கள், அவன் மந்தைக்கு யாரும் வழிவிட மாட்டார்கள். அரசனுக்கும் இதுதான், சாமியாருக்கும் இதுதான்.

ப்ரோக்கான் அந்தக் கடற்கரைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பாட்ரிக் என்ற பெரியவர் கடல் கடந்து வந்து ஐரிஷ் மக்களுக்குப் புதுக் கடவுளைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடி இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. ஆனால் மேற்குக் கரைக்கு அந்தச் சேதி மெதுவாகத்தான் நடந்து வந்தது. ஒரு இரும்புக் கைமணியும் தோளில் ஒரு புத்தகப் பையுமாக ப்ரோக்கான் வந்து நின்றபோது, 'இந்த ஆள் எந்த மந்தையைத் தொலைத்துவிட்டு மணி அடிக்கிறான்' என்றுதான் ஊர் சிரித்தது. முதலில் சிரிக்காமல் இடம் கொடுத்தவன் டிம்மா, லசாரின் புருஷன். ஆற்றங்கரை மேய்ச்சல் நிலத்தைத் தூக்கிக் கொடுத்தான். முதல் ஞானஸ்நானமும் அவனுக்குத்தான். அன்றைக்கு ப்ரோக்கான் மடத்தைச் சுற்றிப் போட்ட மண்கரையைக் காட்டி, ஊரார் முன்னால் ஒரு வார்த்தை சொன்னார்: "இந்தக் கரைக்குள்ள உனக்கும் உன் பொண்டாட்டிக்கும் பொறக்கப்போற பிள்ளைக்கும் இடம் உண்டு. எல்லாரும் ஒண்ணாப் படுத்திருப்பீங்க."

டிம்மா இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் தோல்படகோடு போனவன், அலை கொண்டுவந்து போட்ட பிறகு அந்தக் கரைக்குள்ளே, கோயிலின் கிழக்குச் சுவர் ஓரம் படுத்திருந்தான். பையன் லூகானுக்கு அப்போது நாலு வயது. அவன் ஒரு ராத்திரிகூடத் தனியாகப் படுத்ததில்லை. அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் நடுவில் படுத்தவன், அப்பன் போன பிறகு சுவருக்கும் ஆத்தாளுக்கும் நடுவில் படுத்தான். வெளிப்பக்கம் படுக்கவே மாட்டான். வெளிப்பக்கம் காற்று வருமாம், காற்றோடு ஏதோ வருமாம்.

இப்போது ஆறு வயதில் அவன் மடத்து மண்கரைக்கு வெளியே, கடலைப் பார்த்த சரிவில் கிடந்தான். அலை ஒதுக்கும் ஊர் பேர் தெரியாத பிணங்களையும், ஞானஸ்நானம் வாங்காமல் செத்தவர்களையும் அங்கேதான் போடுவார்கள். பக்கத்தில் ஒரு முள்மரம்கூடக் கிடையாது.

லசார் அழவில்லை. ஒப்பாரி வைக்கிற பெண்கள் நாலு பேர் வந்து, தலையை விரித்துக்கொண்டு முறைப்படி ஓலம் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் பசுவின் கொம்பைத் தடவிக்கொண்டு நின்றாள். உடம்பு முழுக்கக் கம்பளிக்குள் கம்பளியாகச் சுற்றி வைத்ததுபோல் இருந்தது. கஞ்சிப் பானையைக் கையால் இறக்கிய பிறகுதான், உள்ளங்கை கொப்பளித்திருப்பதைப் பார்த்தாள். வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்று ஆச்சரியமும் வரவில்லை.

இரண்டு நாள் அவள் ஒழுங்காகக் காலையில் வந்து உட்கார்ந்தாள், பொழுது சாயும்போது பசுவைக் கறக்க எழுந்து போனாள். வீட்டிலும் எதுவும் சாப்பிடவில்லை, தண்ணீர் மட்டும்தான். ஆனால் சாமியார்களோ தவக்காலத்தில் பொழுது சாய்ந்த பிறகுதான் ஒரு வேளை தின்பவர்கள். அவள் எழுந்து போனதும் உள்ளே மணி அடிக்கும். ரொட்டியும் ஓடைக் கீரையும் வரும். ப்ரோக்கானுக்கு வாசலில் தனக்கெதிராக ஒருத்தி பட்டினி உட்கார்ந்திருப்பதே மூன்றாம் நாள்தான் தெரிந்தது. யாரோ கும்பிட வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

புதன்கிழமை பக்கத்துக் கொல்லை ரோனட் இடுப்பில் கூடையோடு வந்து நின்றாள். அவளுக்கு வாய் நீளம், மனசு நல்லது.

"அடியே லசாரு, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அந்த ஆளு பகல்ல பச்சத் தண்ணிதான் குடிக்கிறாரு. நீ எழுந்து போனப்புறம் ராத்திரி நல்லா மென்னு திங்கிறாரு. நீ யாரைப் பட்டினி போடுற? உன்னைத்தானேடி போட்டுக்கிற!"

லசார் அவளைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதே."

"ஊரே சிரிக்குது. மீனுக்கு எதிரா தண்ணிக்குள்ள உக்காந்தவன்னு சொல்லிச் சிரிக்குது."

"சிரிக்கட்டும்" என்றாள் லசார். பிறகு கொஞ்சம் யோசித்து, "பசுவை நீ கறந்துக்கோ, ரோனட். பால் நீயே வச்சுக்கோ. நான் இனிமே இங்கேருந்து எழுந்திரிக்கல" என்றாள்.

ரோனட் கூடையைக் கீழே வைத்தாள். திட்ட வாயெடுத்தவள் திட்டவில்லை. தன் தோள் போர்வையை எடுத்து லசாரைச் சுற்றிப் போர்த்திவிட்டு, கூடையை மறந்து வீட்டுக்குப் போனாள்.

வழக்குச் சொல்கிற செத்னா கிழவர் அன்று மதியமே வந்து சேர்ந்தார். நாட்டுச் சட்டம் முழுக்க அவர் தலைக்குள் இருந்தது. எங்கே வழக்கு என்றாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஒரு கல்லில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"என்னம்மா உன் கோரிக்கை?"

"வார்த்தை குடுத்தாரு. ஒண்ணாப் படுக்க வைக்கிறேன்னு. பையன் வெளிய கிடக்கிறான். உள்ளே அவங்கப்பன்கிட்ட கொண்டு போகணும்."

"அவரு என்ன சொல்றாரு?"

"ஞானஸ்நானம் வாங்காதவன் உள்ளே வரக்கூடாதாம்."

"நீ ஏன் வாங்கித் தரல?"

அவளிடம் பதில் இருந்தது, எடுத்து வெளியே வைக்கத்தான் நேரம் ஆயிற்று. "விவரம் தெரியுற வயசு வரட்டும்னு சாமிதான் சொல்லியிருந்தாரு. கூட்டிட்டு வந்தேன். காய்ச்சல் வந்த அன்னிக்கே கூட்டிட்டு வந்தேன். தொட்டுப் பார்த்தாரு. சின்னக் காய்ச்சல்தான், ஈஸ்டரு அன்னிக்கு முப்பத்திரண்டு பேருக்கும் ஒண்ணா வச்சிருக்கேன், இவன்தான் முதல்ல நிக்கணும், அதுவரைக்கும் பொறுத்துக்கோன்னு அனுப்பிட்டாரு. ரெண்டு நாள்ல போயிட்டான்."

செத்னா முட்டியைத் தேய்ப்பதை நிறுத்தினார். வேறொருவராக இருந்தால் ஐயோ என்றிருப்பார். கிழவருக்கு வருத்தம் வந்தாலும் அது சட்டத்தின் வழியாகத்தான் வெளியே வரும். "வழக்கு நிக்கும்" என்றார். "நல்லாவே நிக்கும். இன்னொண்ணு கேளு. நீ தெரியாம உக்காந்தாலும் சரியான வாரத்துலதான் உக்காந்திருக்க. ஞாயித்துக்கிழமை ஈஸ்டர். அன்னிக்கு இவங்க சாமி எழுந்திரிச்ச நாளாம். அன்னிக்கு யாரும் பட்டினி கிடக்கக்கூடாது, சாப்பிட்டே ஆகணும். அது அவங்க சட்டம். நீ உக்காந்திருக்கும்போது அவரு சாப்பிடக்கூடாது, அது நம்ம சட்டம். அரசரும் அன்னிக்கு வராரு. என்ன பண்றாருன்னு பாத்துடுவோம்." இதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதை மறைக்கவும் அவர் முயற்சி செய்யவில்லை.

அன்று மாலையிலிருந்து மடத்துக்குள் நிலைமை மோசமாயிற்று. ப்ரோக்கான் ரொட்டியைத் தொடவில்லை. வழக்கு அவர்மேல்தான், மற்ற பதினொரு பேர் சாப்பிடலாம். ஆனால் தலைவர் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது யாரால் வாயைத் திறக்க முடியும்? மடத்துச் சமையல்காரர் டிகுல் மறுநாள் காலையிலேயே படலுக்கு வந்துவிட்டார். குட்டையான, உருண்டையான மனிதர். நாற்பது நாள் தவம்கூட அவர் தொப்பையை ஒன்றும் செய்யவில்லை.

"ஏம்மா, உனக்கும் அவருக்கும்தானே வழக்கு? என் வயிறு என்ன பாவம் பண்ணுச்சு?"

"நீங்க சாப்பிடுங்க சாமி."

"எப்படிச் சாப்பிடறது? அவரு பார்க்கிறாரே. திட்டினாக்கூடப் பரவால்ல, சும்மா பார்க்கிறாரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வாய் கஞ்சி குடிச்சுட்டு எழுந்து போயிடேன். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

லசார் தலையை ஆட்டி மறுத்தாள். டிகுல் அவளை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். பட்டினி கிடப்பவளிடம் கோபித்துக்கொள்கிறோமே என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. பசி வந்தால் அவருக்குப் பசி மட்டும்தான் தெரியும்.

மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. லசாருக்குப் பசி ஐந்தாவது நாளோடு போய்விட்டது. விரல் நுனிகள் மரத்துப் போயின, பிறகு பாதம் போயிற்று. எதிரே மண்கரையில் ஒரு ஆட்டுக்குட்டி தாயைக் காணாமல் கத்திக்கொண்டே இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தாள். அது தாயைக் கண்டுபிடித்ததா என்று பிறகு நினைத்துப் பார்த்தபோது அவளுக்கு ஞாபகம் இல்லை. பையனின் முகத்தை நினைக்க முயன்றாள், அவன் கால்தான் ஞாபகம் வந்தது. தூக்கத்தில் அவள் தொடைக்கு நடுவில் சொருகிக்கொள்ளும் ஜில்லென்ற பாதம். அதை நினைத்தும் அழுகை வரவில்லை. தன்மேல் அவளுக்கே வெறுப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ப்ரோக்கான் வந்தார். உயரமான, எலும்பு தெரிகிற மனிதர், முன்தலையைக் காதிலிருந்து காது வரை மழித்திருந்தார். படலுக்கு உள்பக்கம் நின்றார். அவள் வெளிப்பக்கம்.

"லசார், இது என் சட்டம் இல்லம்மா. என் இஷ்டப்படி மாத்த முடியாது."

"சரி."

"உள்ளே இருக்கிறவங்க எல்லாரும் தண்ணியில முங்கி எழுந்தவங்க. நீயும் முங்கினவதான். உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சாமி."

"அப்புறம் ஏன்?"

"கூட்டிட்டு வந்தேனே" என்றாள் லசார். "திருப்பி அனுப்பினது யாரு?"

அவள் குரலில் சண்டை இல்லை. இருந்திருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். எத்தனையோ பேரோடு வாதாடி ஜெயித்தவர். படலின் குச்சியை விட்டுவிட்டு உள்ளே போனார். போகும்போது தள்ளாடினார். அதையும் அவள் பார்த்தாள், எங்கோ யாருக்கோ நடப்பதைப்போல.

ஞாயிறு விடிந்ததும் முப்பத்தொரு பேர் வெள்ளைத்துணி கட்டிக்கொண்டு ஊற்றுக்குப் போனார்கள். அந்தக் கூட்டம் லசாரைத் தாண்டித்தான் போயிற்று. ஒவ்வொருவராகக் குனிந்து அவளுக்கு மரியாதை செய்தார்கள். அரசன் இருபது ஆட்களோடும் நாலு வேட்டை நாய்களோடும் வந்தான். சேதி புதிது, சாமி புதிது, ஆட்டுக்கறி மட்டும் அவனுக்குப் பழக்கமானது. அதற்காகத்தான் வந்தான் என்று ஊர் சொல்லிற்று. ஊர் சொன்னதில் பொய்யும் இல்லை.

முங்கி எழுந்து எல்லோரும் திரும்பி வந்தபோது வெளி முற்றத்தில் நெருப்பு போட்டு ஐந்து ஆடு வாட்டியிருந்தார்கள். புதுவெண்ணெய், தயிர்க்கட்டி, காட்டுப்பூண்டு போட்ட ரொட்டி. சாமியார் முதல் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்ட பிறகுதான் மற்றவர்கள் தொட வேண்டும். ப்ரோக்கான் ரொட்டியைக் கையில் எடுத்தார். பிட்டார். அப்படியே நின்றார்.

டிகுல் கையைப் பிசைந்தார். செத்னா கிழவர் கழுத்தை நீட்டிக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார்.

"சாமி, சாப்பிடுங்க. கறி ஆறுது" என்றான் அரசன்.

ப்ரோக்கான் ரொட்டியோடு நேராகப் படலுக்கு நடந்து வந்தார். படலைத் திறந்து வெளியே வந்து, லசாருக்கு எதிரில் ஈர மண்ணில் உட்கார்ந்தார். மடத்துத் தலைவர் ஒருவர் தரையில் உட்கார்ந்து அந்த ஊர் பார்த்ததில்லை. எல்லோரும் மண்கரையில் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"அன்னிக்கே நான் அவன் தலையில தண்ணி ஊத்தியிருக்கணும்" என்றார் ப்ரோக்கான். எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். "கூட்டம் பெருசா இருக்கணும், அரசர் பார்க்கணும், முதல்ல குழந்தை நிக்கணும்னு ஆசைப்பட்டேன். அழகா இருக்கும்னு நெனச்சேன். தப்பு என்மேலதான்."

லசார் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஆனா என்னால அவனை உள்ளே கொண்டு வர முடியாது. என் தப்புக்காகச் சட்டத்தை உடைச்சேன்னா, அது இன்னொரு தப்பு. அதனால ஈடு தரேன். வாங்கிக்கிறியா?"

"என்ன ஈடு?"

"நான் வெளிய வரேன். நான் செத்தா என்னை உள்ளே போடக்கூடாது. அவன் பக்கத்துல போடணும். அவன் தனியாக் கிடக்க மாட்டான்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. செத்னா கையை உயர்த்தி அதை அடக்கினார். லசார் அந்த எலும்பு முகத்தைப் பார்த்தாள். அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. பல் எல்லாம் இருந்தது.

"நீங்க எப்போ சாவீங்க?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள். மண்கரையில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஆண்டவருக்குத்தான் தெரியும்."

"அதுவரைக்கும் யாரு படுப்பா?"

ப்ரோக்கான் இதை எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தன் பெரிய வார்த்தையோடு வழக்கு முடிந்தது என்று நினைத்திருப்பார். ரொட்டியைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார். காற்று அவருடைய அங்கியை உடம்போடு ஒட்ட வைத்தது.

"நான்தான்" என்றார் கடைசியில். "இன்னிக்கு ராத்திரியிலேருந்து அங்கேயே படுக்கிறேன். ஒரு குடிசை போட்டுக்கிறேன்."

"தினமுமா?"

"தினமும்."

"அவன் வெளிப்பக்கம் படுக்க மாட்டான் சாமி. காத்து வர்ற பக்கம் நீங்க படுக்கணும்."

"சரிம்மா. காத்து வர்ற பக்கம் நான் படுக்கிறேன்."

செத்னா தன் கோலைத் தரையில் தட்டி, "ஈடு கொடுத்தாச்சு, வாங்கியாச்சு, நான் சாட்சி" என்றார். "நானும் கேட்டேன், நானும் கேட்டேன், இப்பயாச்சும் சாப்பிடுங்க" என்று கத்தினார் டிகுல், கரையின்மேல் நின்றபடி.

ப்ரோக்கான் ரொட்டியை இரண்டாகப் பிட்டு ஒரு துண்டை அவள் கையில் வைத்தார். இருவரும் ஒரே நேரத்தில் வாயில் போட்டார்கள். வெண்ணெய் தடவிய ரொட்டி. அவள் மென்றாள், விழுங்கினாள். ருசி தெரியவில்லை. ரோனட் வந்து தோளைப் பிடித்து எழுப்பி, வீட்டுக்கு நடத்திப் போனாள். ஊர் முழுக்க அன்று லசார் ஜெயித்ததைப் பற்றித்தான் பேச்சு. லசார் படுக்கையில் உள்பக்கம் ஒரு ஆள் இடம் விட்டு, வெளிப்பக்கம் படுத்துத் தூங்கினாள்.

அதன் பிறகு பதினொரு வருஷம் போயிற்று. வருஷங்கள் போவதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பசு கன்று போட்டது, ஓட்ஸ் விதைத்தார்கள், அறுத்தார்கள். லசார் எல்லா வேலையும் செய்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், அழ வேண்டிய வீட்டில் போய் நின்றாள். கண்ணில் மட்டும் ஒரு சொட்டு வராது. கல் நெஞ்சுக்காரி என்று சிலர் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ப்ரோக்கான் சொன்னபடி செய்தார். சரிவில் கல்லடுக்கி, புல்கட்டி வேய்ந்து, ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு குடிசை. உள்ளே பாதி இடம் லூகானுடைய மண்மேடு, மீதி அவருக்கு. பகலெல்லாம் மடத்தில் இருப்பார், இருட்டியதும் கம்பளியோடு சரிவுக்குப் போவார். புயல் அடித்த நாளிலும் போனார். தூர தேசத்திலிருந்து வந்தவர்கள், சாமி அங்கே பேய்களோடு மல்லுக்கட்டுகிறார் என்றும், உடம்பை ஒடுக்கத் தவம் செய்கிறார் என்றும் சொல்லிக்கொண்டார்கள். முதுகுவலிக்காரர்கள் பகலில் வந்து அந்தப் படுக்கையில் கொஞ்ச நேரம் படுத்துவிட்டுப் போனார்கள். சிலருக்கு வலி போயிற்றாம். ஏன் அங்கே படுக்கிறார் என்பது ஊரில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். செத்னா ஏழாவது வருஷம் ஒரு வழக்குக்குப் போகிற வழியில் விழுந்து செத்தார்.

ஒரு பனிக்காலத்தில் லசார் சுள்ளி பொறுக்கிக்கொண்டு அந்த வழியாக வந்தாள். ப்ரோக்கான் குடிசை வாசலில் இருமிக்கொண்டிருந்தார்.

"உன் பையன் நல்லாத் தூங்குறான்" என்றார். "நான்தான் குளிருதுன்னு ராத்திரி பூரா முனகறேன். அவன் ஒண்ணும் சொல்றதில்ல."

"உதைப்பான் சாமி. காலை மேல போடுவான்."

"போடட்டும்."

அவ்வளவுதான் பேசினார்கள். அவள் பொறுக்கிய சுள்ளியில் பாதியைக் குடிசை வாசலில் போட்டுவிட்டுப் போனாள். அதன் பிறகு எல்லாப் பனிக்காலத்திலும் போட்டாள்.

பன்னிரண்டாம் வருஷம், ஆடுகள் குட்டி போடுகிற பருவத்தில், ஒரு காலை அவர் எழுந்திருக்கவில்லை. மடத்துக்கு அப்போது புதுத் தலைவர் ஒருவர் வந்திருந்தார், கிழக்கே பெரிய மடத்தில் படித்தவர். பன்னிரண்டு பேர் இருந்த இடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். ப்ரோக்கானைப் புனிதர் என்று அவர் கண்மூடுவதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். இந்தக் கரைக்கு இனி அவர்தான் காவல், அவர் எலும்பு இருக்கிற இடத்துக்கு நாடே வரும் என்று புதுத் தலைவர் சொன்னார். பீடத்துக்கு அடியில் குழி வெட்டச் சொன்னார். சிலுவை செதுக்கிய கல்லும் தயாராக இருந்தது.

ரோனட்தான் ஓடிவந்து சேதி சொன்னாள். லசார் கையைத் துடைத்துக்கொண்டாள். போர்வையை எடுத்தாள். ஒரு குவளை தண்ணீர் குடித்தாள். நடந்து போய், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்த அதே இடத்தில், படல் முன்னால் உட்கார்ந்தாள். படல் மட்டும் இப்போது மரக்கதவாகியிருந்தது.

கதவைத் திறந்து கழுநீர் கொட்ட வந்தவர் டிகுல். தலை வெளுத்து, தொப்பை இன்னும் பெருத்திருந்தார். அவளைப் பார்த்ததும் கழுநீர்ப் பானை கையிலேயே நின்றது.

"மறுபடியுமா?"

"ஆமா சாமி."

"யார்மேல இப்போ?"

"அவர்மேலதான். வார்த்தை குடுத்தாரு."

"செத்துட்டாரேம்மா."

"செத்தாலும் அவர் வார்த்தைதானே."

டிகுல் பானையைக் கீழே வைத்தார். தவக்காலம் தொடங்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. உள்ளே சாவு விருந்துக்குப் பன்றிக்கறி வெந்துகொண்டிருந்தது, அதன் வாசனை வாசல்வரை வந்தது. அவர் ஒரு முறை உள்ளே பார்த்தார், ஒரு முறை அவளைப் பார்த்தார். "அந்த வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த உடம்போடு அவரால் முடிந்த வேகத்தில் உள்ளே நடந்தார்.

உள்ளே என்ன நடந்தது என்பதைப் பிறகு டிகுலே நூறு தடவை சொன்னார். புதுத் தலைவர், "யாரோ ஒரு கிழவி சொன்னதுக்காகப் புனிதரை நாய் ஓடுற சரிவுல போடறதா?" என்று கேட்டாராம். டிகுல், "நான் சாட்சி. என் ரெண்டு காதால கேட்டேன். அவர் சொல்லைத் தள்ளிட்டு அவர் எலும்பை வச்சு என்ன பண்ணப்போறீங்க? அவ எழுந்திரிக்கிறவரைக்கும் இந்த அடுப்புலேருந்து ஒரு கரண்டி வெளிய வராது" என்றாராம். அறுபது பேருக்கும் பன்றிக்கறி வாசனை தெரியும். மதியத்துக்கு முன்னால் கதவு திறந்தது.

நாலு பேர் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். கம்பளியால் சுற்றியிருந்தார்கள், பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. சரிவில் கூட்டம் சேர்ந்திருந்தது. குடிசையின் கூரையைப் பிரித்துவிட்டு இருவர் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள், லூகானின் மேட்டுக்கு மேல்புறம், மலை மறைக்கிற பக்கம்.

"அங்கே இல்ல" என்றாள் லசார். "இந்தப் பக்கம். காத்து வர்ற பக்கம்."

மண்வெட்டியோடு நின்றவர்கள் புதுத் தலைவரைப் பார்த்தார்கள். அவர் டிகுலைப் பார்த்தார்.

"அவருக்குக் குளிருமேம்மா" என்றார் டிகுல்.

"அவரு ஒத்துக்கிட்டாரு."

டிகுல் தலையாட்டினார். குழியை மூடிவிட்டுக் கடல் பக்கம் வேறு வெட்டினார்கள். பாறை நிறைய இருந்தது, நேரம் ஆயிற்று. கடலிலிருந்து காற்று வந்து எல்லோருடைய அங்கியையும் படபடவென்று அடித்தது. பலகையை மெதுவாக இறக்கினார்கள். இடம் சற்று இடுக்காக இருந்தது. தோள் ஒரு பக்கம் இடித்தது. வெட்டினவன் சிறுவனின் மேட்டோரம் இன்னும் ஒரு சாண் மண்ணைச் சரித்தான்.

லசார் மண்டியிட்டாள். அந்தச் சின்ன மேட்டின்மேல் கையை வைத்தாள். பன்னிரண்டு வருஷமாக அவள் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, கனவில்கூட.

"லூகான், கொஞ்சம் தள்ளிப் படுடா" என்றாள். "சாமி வராரு."

சொன்ன பிறகுதான் அது அவளுடைய குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. மண்ணின்மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஓலம் வைக்கிற பெண்கள் தயாராக வந்திருந்தார்கள், அவர்கள் வாயைத் திறக்கவில்லை. ரோனட் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். டிகுல் வெகுநேரம் பொறுத்திருந்தார். பிறகு மடியிலிருந்து வெண்ணெய் தடவிய ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டு, ஒரு துண்டை அவள் கையில் வைத்துவிட்டு, மற்றதைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

லசார் மென்றாள். வெண்ணெயில் உப்பு அதிகமாக இருந்தது.